களைக்கொல்லியும் இருநூறு பட்டு முடிச்சுகளும்

வருகிற வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்புவதற்கென்றே காலை எட்டரை மணிக்குக் கடையைத் திறந்து, கூட்டிப் பெருக்கி, வாசலில் தண்ணீர் தெளித்து உட்கார்ந்திருக்கும் வியாபாரி இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான். அவர் பெரிய காஞ்சிபுரத்தில் என் கடைக்குப் பக்கத்துக் கடைக்காரர்.

உரம், விதை, பூச்சிமருந்து விற்கிற கடை. அப்பா அம்மா வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருக்கலாம். தெருவுக்கு அவர் 'களைக்கொல்லி'. ஒரு களைச்செடியைக்கூடக் கொல்ல விடாத மனிதருக்கு இந்தப் பெயரை வைத்த அறிவாளி யார் என்று கேட்காதீர்கள். நான்தான்.

ஐயம்பேட்டைப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி வருவார். வெயிலில் வந்த மனுஷன், சீக்கிரம் வாங்கிக்கொண்டு பஸ் பிடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் இருப்பார்.

"அண்ணா, புல்லு மருந்து ஒரு லிட்டர் குடு."

"எதுக்கு?"

"புல்லுக்குத்தான்."

"எந்தப் புல்லு?"

"வரப்புல இருக்கிற புல்லுணா. அதுக்கெல்லாம் பேரா வெச்சிக்கினு இருக்காங்க?"

"தரையோட படர்ந்துகினு, மூணு மூணு எலையா, மஞ்சப் பூவு பூத்துக்கினு இருக்குதா?"

"ஆமா, இருக்குது."

"அது நரிப்பயறு. உளுந்துக்கும் பாசிப்பயறுக்கும் சித்தப்பா மகன். அவன் மேல அடிக்கறதுக்கு என் கடையில மருந்து இல்ல."

"தோ, பின்னாடி அடுக்கி வெச்சிக்கினு இருக்கியே, அது இன்னா?"

"அது காட்சிக்கு."

விவசாயி என்னைப் பார்ப்பார். நான் வானத்தைப் பார்ப்பேன். பிறகு அவர் சாலையைக் கடந்து எதிர்க் கடைக்குப் போவார். எதிர்க் கடைக்காரர் வீட்டுக்கு இரண்டாவது மாடி எடுத்ததே களைக்கொல்லியின் புண்ணியத்தில்தான். கிருகப்பிரவேசத்துக்கு முதல் பத்திரிகையை இவருக்குத்தான் கொண்டுவந்து வைத்தார்.

என் யோக்கியதையையும் சொல்லிவிடுகிறேன். நான் பேனர் அடிக்கிறவன். ஒரு காதுகுத்து பேனரில் தாய்மாமன் படத்தைப் பெரியப்பா படத்தைவிடக் கொஞ்சம் சின்னதாகப் போட்டுவிட்டேன். மண்டப வாசலில் ஆரம்பித்த சண்டை உள்ளே போய், மொட்டையடித்த குழந்தை காது குத்தாமலே வீடு திரும்பியது. உறவுமுறை என்றால் எனக்கு அவ்வளவுதான் ஞானம். ஆனால் களைக்கொல்லி, சாலையோரத்தில் மாடுகூட மோந்துவிட்டு நகர்ந்துவிடுகிற ஒரு செடியைக் காட்டி, அது கத்தரிக்காய்க்கு எந்த வழியில் சொந்தம் என்று மூன்று தலைமுறைக்குச் சொல்வார். கண்டங்கத்தரி அத்தை வழி. சுண்டை மாமன் வழி. சுக்கங்காய் வெள்ளரிக்குப் பங்காளி. காட்டு எள்ளுக்கும் நாட்டு எள்ளுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது, ஆனால் ரத்தம் ஒன்று.

"இதுங்களால இன்னா பிரயோஜனம்?" என்று ஒருநாள் கேட்டுத் தொலைத்தேன்.

"வயல்ல வளர்றதெல்லாம் கான்வென்ட் பசங்க மாதிரிப்பா. வேளைக்குத் தண்ணி, வேளைக்கு உரம், தும்முனா டாக்டர். புதுசா ஒரு வியாதி வந்தா மொத்தமா படுத்துடும். இதுங்க வெயிலு, வெள்ளம், ஆட்டு வாயி எல்லாம் பாத்து ரவுடியா வளர்ந்தது. அன்னிக்கு ரத்தம் குடுக்க இதுங்கதான் ஆஸ்பத்திரிக்கு வரணும். வந்து தேடுனா, நீ மருந்தடிச்சி காரியமே முடிச்சிருப்ப."

"எங்க வீட்டு அரிசிப் பை நல்லாத்தான் இருக்குது."

"மூடிக்கினு பேனர் அடி."

அவர் வீட்டு மொட்டைமாடியில் நாற்பது தொட்டிகள் இருந்தன. மற்றவர்கள் தொட்டியில் ரோஜா வைப்பார்கள். இவர் தொட்டியில், மற்றவர்கள் ரோஜாவிலிருந்து பிடுங்கிப் போடுவதை வைத்திருப்பார். ஒரு பொங்கலுக்கு மனைவியின் அண்ணன் குடும்பத்தோடு வந்தார். நல்ல மனிதர், சும்மா உட்கார மாட்டார். மச்சான் கடைக்குப் போன நேரத்தில் மாடிக்கு ஏறி, நாற்பது தொட்டியையும் சுத்தமாகக் களையெடுத்து, நர்சரியிலிருந்து குரோட்டன்ஸ் வாங்கி வந்து நட்டு, தண்ணீரும் ஊற்றிவிட்டார். மச்சானுக்கு இன்ப அதிர்ச்சியாம். அதிர்ச்சி கிடைத்தது. அந்த அண்ணன் மகன் கல்யாணத்துக்கு இவர் போகவில்லை.

அவர் மனைவி என் கடை வாசலில் நின்று சொன்னதை என்னால் மறக்க முடியாது. "கேட்டுக்கோ தம்பி. நெல்லுக்கு யாரு சொந்தக்காரன், எள்ளுக்கு யாரு சொந்தக்காரன்னு ஏரி ஏரியா தேடிக்கினு திரியறாரு. எனக்கு ஒரே ஒரு அண்ணன். அவன் வீட்டுப் படி ஏற மாட்டாராம்."

உள்ளேயிருந்து குரல் வந்தது. "உங்க அண்ணன் அழியற நெலமைல இல்ல."

ஒருநாள் ஏனாத்தூர்ப் பக்கம் ஒரு பேனரைக் கட்டிவிட்டு களைக்கொல்லியின் பைக்கில் திரும்பிக்கொண்டிருந்தோம். ஏரிக்கரையில் சடாரென்று பிரேக் போட்டார். நான் கையில் இருந்த கயிற்றுச் சுருளோடு அவர் முதுகில் மோதினேன்.

"அங்க பாரு. இன்னா தெரியுது?"

"புல்லு."

"நல்லா பாரு."

நன்றாகப் பார்த்தேன். "நெறைய புல்லு."

அது குளநெல்லாம். நெல்லுக்கே பெரியப்பாவாம். சிவந்த நீள மீசையோடு கதிர் விட்டு, முழங்கால் தண்ணீரில் ஒரு மூலையாக நின்றது. சுற்றுவட்டாரத்தில் அவர் தேடிப் பார்த்த ஏரி ஒவ்வொன்றிலும் கரை கட்டியோ வீடு கட்டியோ அது ஒழிந்துபோயிருக்க, இந்த ஒரு மூலையில் மட்டும் மிச்சம் இருந்ததாம். பைக்கை ஸ்டாண்டு போடவும் மறந்து தண்ணீரில் இறங்கிவிட்டார். பைக்கைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றவன் நான்.

"இதுல ஒரு பிடி வெத வேணும்ப்பா. கையில ஒரு பிடி இருந்தா, இந்த ஏரி போனாலும் இன்னொரு ஏரில விடலாம். வெத காப்பாத்தி வெக்கிறவங்களுக்கு ஒரு பொட்டலம் அனுப்பலாம்."

"அறுத்துக்கினு வந்துட வேண்டியதுதான?"

"வயல் நெல்லுதான் அறுக்கற ஆளு வர்ற வரைக்கும் காத்துக்கினு நிக்கும். இவன் பழுத்தா கொட்டிடுவான். காலையில ஒண்ணு, மத்தியானம் ரெண்டு, தண்ணில விழுந்து சேத்துல பூந்துடுவான். கதிர் கதிரா பை கட்டி வெச்சாத்தான் ஆளு மாட்டுவான்."

முதல் பைகள் வீட்டு ஜன்னல் கொசுவலையில் தயாராயின. அதைப் பற்றி அவர் மனைவி சொன்னதை வாரப் பத்திரிகையில் எழுத முடியாது. அடுத்து என்னையும் இழுத்துக்கொண்டு டைலர் பாயிடம் போனார். கல்யாண பிளவுஸ் தைப்பதில் பெயர் போனவர் பாய்.

"பாய், பட்டு பிளவுஸ் வெட்டுன மிச்சம் இருக்குதா?"

"எதுக்கு சாப்?"

"நெல்லுக்குச் சட்ட தெக்கணும்."

பாய் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி அவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு இஞ்ச் டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்தார். "அளவு கொண்டாந்தீங்களா?"

இருநூறு பைகள். விரல் நீளத்தில், வாயில் சுருக்குக் கயிறு வைத்து, மாம்பழ மஞ்சள், அரக்கு, கிளிப்பச்சை, சிலதில் ஜரிகைக் கரை வேறு. மார்கழி மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரும் நானும் வேட்டியை மடித்துக் கட்டி, வெறுங்காலோடு ஏரியில் இறங்கினோம். பேசக் கூடாது என்று எனக்கு உத்தரவு, ஏனென்றால் பேசினால் நான் கை தவறி கதிரை ஒடித்துவிடுவேனாம். பேசாமலும் மூன்றை ஒடித்தேன். சேற்றில் ஒருமுறை உட்கார்ந்தேன். மற்றபடி இரண்டு பேரும் கிழக்குப் பார்த்து, குனிந்த தலை நிமிராமல், பட்டுத்துணியை ஒவ்வொன்றாக முடிந்துகொண்டிருந்தோம்.

இப்போது, கரைமேல் போகிற ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்து இந்தக் காட்சியைப் பாருங்கள். எங்கள் ஊர் எப்படிப்பட்ட ஊர் என்றால், ஒரு கல்லுக்குப் பக்கத்தில் இரண்டு பேர் ஐந்து நிமிஷம் சேர்ந்தாற்போல் நின்றால், மூன்றாவது ஆள் செருப்பைக் கழற்றிவிடுவான்.

அடுத்த ஞாயிறு போனபோது இருநூறு முடிச்சு முந்நூறைத் தாண்டியிருந்தது. கூடவே மஞ்சள் துணியில் முடிந்த காசு, சின்ன மரத்தொட்டில், வளையல். யாரோ போட்ட ஒரு முடிச்சை நான் பிரித்தேன். மடித்த காகிதம்.

"ணா, இது ஹால் டிக்கெட் ஜெராக்ஸ். பின்னாடி எழுதியிருக்குது. மூணு அரியர், இந்த செமஸ்டர்ல க்ளியர் ஆவணுமாம்."

அந்த மாணவன் மூன்று அரியருக்கு மூன்று கதிரைச் சேர்த்து இறுக்கியிருந்தான். மூன்றும் ஒடிந்து தொங்கின. களைக்கொல்லி அவற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, "இவன் கண்டிப்பா ஃபெயிலு" என்றார்.

என்னிடம் ஒரு போர்டு அடிக்கச் சொன்னார். 'இது நெற்பயிரின் காட்டு உறவு. அரிய வகை. தொடாதீர்கள், மிதிக்காதீர்கள்.' கரையில் நட்டு வைத்தோம். மறுநாள் பார்த்தால் போர்டுக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மாலை போட்டிருந்தார்கள். கீழே ஒரு எலுமிச்சம்பழம்.

இதுவரை நடந்தது அவர் செய்த கூத்து. இனி நான் செய்தது.

ஒரு வியாழக்கிழமை மூன்று பேர் என் கடைக்கு வந்தார்கள். நடுவில் இருந்தவர் கமிட்டித் தலைவர். எந்தக் கமிட்டி என்று கேட்கிற வழக்கம் எங்கள் தொழிலில் இல்லை. வருஷத்துக்குப் பதினாலு பேனர் போடுகிற மனிதர்.

"ஏரிக்கரைல அம்மன் வந்திருக்குது. பட்டுமுடி அம்மன்னு பேரு வெச்சிருக்கோம். பெரிய பேனரா போடு."

"படம்?"

"நீயே ஒண்ணு போடுப்பா. கையில கதிரு இருக்கணும். அது முக்கியம்."

அன்றைக்கு எனக்கு ஏழு பேனர் வேலை. கம்ப்யூட்டரில் இருந்த ஒரு அம்மன் முகத்தை எடுத்து, பச்சைப் பட்டு உடுத்தி, இணையத்தில் இலவசமாகக் கிடைத்த ஒரு கதிர்க் கட்டைக் கையில் கொடுத்தேன். அது கோதுமை. பேனர் தயாராகித் தொங்கியபோது கோதுமை மாவு விளம்பரத்துக்கு நிற்பதுபோல் இருந்தாள் அம்மன். தலைவர் கையெடுத்துக் கும்பிட்டார். கடைசி வரியை அவர் சொல்லச் சொல்ல நான் டைப் அடித்தேன்: 'ஞாயிறு காலை ஏழு மணிக்கு பொக்லைன் மூலம் புதர் அகற்றி மேடை அமைக்கும் திருப்பணி.' எழுத்துப்பிழை இருக்கிறதா என்று இரண்டுமுறை படித்தேன். எந்தப் புதர் என்பது அவர்கள் போன பிறகுதான் உறைத்தது.

உடனே பக்கத்துக் கடைக்குப் போயிருக்க வேண்டும். பத்தடி தூரம். போகவில்லை. வெள்ளிக்கிழமை போகவில்லை. சனிக்கிழமை அவர் டீ வாங்கிக் கொடுத்தார், குடித்துவிட்டு வந்தேன். பதினாலு பேனர் என்று சொன்னேன் அல்லவா.

ஞாயிறு காலை ஏழேகாலுக்கு அவர் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். காபி டம்ளரைக் கீழே வைத்தார். திட்டுவார் என்று காதைத் தயாராக வைத்திருந்தேன். திட்டவில்லை. பைக்கை எடுத்தார். நான் பின்னால் ஏறிப் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

பொக்லைன் பாதி மூலையை அள்ளிவிட்டிருந்தது. கரையில் கொட்டிய சேற்றுக் குவியலில் அரக்கும் மஞ்சளுமாகப் பட்டு நுனிகள் எட்டிப் பார்த்தன. களைக்கொல்லி செருப்போடு தண்ணீரில் இறங்கி, இயந்திரத்தின் கைக்கு நேர் கீழே போய் நின்றார்.

"சார், நகருங்க. நல்ல காரியம் நடக்குது," என்றார் தலைவர்.

"இது குளநெல்லு. இதை அள்ளக்கூடாது."

"இதுக்குத்தான் சார் கோயிலே கட்டறோம்."

"இதையே புடுங்கிட்டு எதுக்குய்யா கட்டுவ?"

"மொதல்ல எடத்தை க்ளீன் பண்ண வாணாமா?"

களைக்கொல்லி விளக்க ஆரம்பித்தார். பெரியப்பா, சித்தப்பா, ரத்தம், ஆஸ்பத்திரி எல்லாம் வந்தது. கூட்டம், பஸ் ஸ்டாண்டில் மைக் அறிவிப்பு கேட்பதுபோல் கேட்டது. ஒருவர் மணியைப் பார்த்தார். நல்ல நேரம் முடிந்துகொண்டிருந்தது.

அப்போது கூட்டத்திலிருந்து ஒரு பெண்மணி முன்னால் வந்தார். ஐயம்பேட்டையிலிருந்து தினமும் ஷேர் ஆட்டோவில் பூக்கூடையோடு வருகிற பூக்காரம்மா.

"தலைவரே, மொத முடிச்சு இவரு போட்டது. ஆட்டோல இருந்து என் கண்ணால பாத்தேன். இவரும், தோ அந்த பேனர்காரரும்."

எல்லோரும் திரும்பினார்கள். நான் அடித்த பேனருக்குப் பின்னாலேயே நான் ஒளியப் பார்த்தேன். தலைவரின் குரல் இறங்கியது. முதல் முடிச்சு போட்டவர் என்றால் எங்கள் ஊரில் அதற்கு ஒரு மரியாதை இருக்கிறது.

"அப்படியா சார்? இன்னா வேண்டிக்கினு கட்டுனீங்க?"

மகள் கல்யாணம் என்று சொல்லக்கூடாதா, கடன் தீரணும் என்று சொல்லக்கூடாதா என்று எனக்கு உள்ளே அடித்துக்கொண்டது. அவருக்குத்தான் பொய் வராதே. வந்திருந்தால் புல்லு மருந்து விற்றுப் பிழைத்திருப்பார்.

"இது செத்துடக் கூடாதுன்னு கட்டுனேன்."

"எது?"

"இந்தப் புல்லு."

யாரும் சிரிக்கவில்லை. பூக்காரம்மா கேட்டார். "நெறவேறிச்சா?"

களைக்கொல்லி சேற்றுக் குவியலைப் பார்த்தார். "பாதி செத்துப்போச்சும்மா."

"அப்போ நெறவேறல," என்றார் பூக்காரம்மா, தலைவரைப் பார்த்து. "முடிச்சு போட்டவரு நெறவேறி வந்து தன் கையால அவுக்கற வரைக்கும் அதுல யாரும் கை வெக்கக்கூடாது. இது உனக்குத் தெரியாதா? என் முடிச்சும் அங்கதான் இருக்குது. மருமவ ஆறு மாசம். அதுக்கு எதுனா ஆச்சுன்னா உன் கமிட்டிய சும்மா வுடமாட்டேன்."

எங்கள் இருநூறு போக நூறு முடிச்சு, நூறு குடும்பம். ஒவ்வொருவராக வாயைத் திறந்தார்கள். எனக்கு வீடு. என் பையனுக்கு வேலை. பொக்லைன் டிரைவர் இன்ஜினை அணைத்து இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டார். அவர் முடிச்சு போட்டது பெண் அமையவேண்டும் என்று. அதைத் தானே அள்ளிவிட்டோமோ என்று குவியலில் தேட ஆரம்பித்தார்.

கோயில், சாலைக்கு எதிர்ப்பக்கம் போனது. தகரக் கொட்டகை, முடிச்சு போட வசதியாக ஒரு இரும்புக் கம்பி வலை, கையில் கோதுமையோடு என் அம்மன். நெல்லைக் காப்பாற்றியது யார் என்று நான் களைக்கொல்லியிடம் கிண்டலாகக் கேட்டேன்.

"இருவது வருஷமா வாய் வலிக்கச் சொன்னேன். ஒருத்தன் கேக்கல. ஒரு துண்டுத் துணியக் கட்டுனேன், ஊரே கேக்குது," என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் சந்தோஷம் இருந்தது என்று சொல்லமாட்டேன்.

சேற்றிலிருந்து பைகளைப் பொறுக்கினோம். மொத்த விதையும் ஒரு டீ கிளாஸை நிரப்பவில்லை. பாதியைப் பொட்டலம் போட்டு விதை காப்பவர்களுக்கு அனுப்பினார். மீதியைப் பொக்லைன் தோண்டிய பள்ளத்திலேயே தூவினார். ஆனால் அந்த மூலையின் மண்ணே புரண்டிருந்தது. முளைக்குமா என்று கேட்டதற்கு, "தெரியல" என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை அதற்குமுன் நான் கேட்டதே இல்லை.

கோடையில் ஏரி வெடித்துப் பாளமாகக் கிடந்தது, பொக்லைன் விட்டுவைத்த பாதியும் காய்ந்து சருகாகிப்போனது. மழையும் தள்ளிப்போனது. தினமும் காலையில் கடை திறக்குமுன் அவர் ஏரிக்குப் போய் வருவார். பேனர் கட்ட இடம் பார்க்க வேண்டும் என்று ஏதாவது சொல்லி நானும் சில நாள் தொற்றிக்கொண்டு போவேன். குனிந்து பார்ப்பார், திரும்பி வருவார். ஒருநாள் ஒரு விவசாயி வந்து புல்லு மருந்து கேட்டார். களைக்கொல்லி ஒரு கேள்வி கேட்கவில்லை. டப்பாவை எடுத்துக் கொடுத்தார். நானே அந்த விவசாயியைத் துரத்திப் போய், "ஏம்பா, உன் வரப்புல மஞ்சப் பூவு இருக்குதா?" என்று கேட்டேன். அவர் என்னை அடிக்க வந்தார்.

கார்த்திகை முடிகிற வாக்கில் ஒரு காலை. ஒரு கட்சித் தலைவரின் பிறந்தநாள் பேனர் என் மெஷினில் ஓடிக்கொண்டிருந்தது, மீசை வரைக்கும் வந்திருந்தார். வாசலில் நிழல் விழுந்தது. களைக்கொல்லி நின்றுகொண்டிருந்தார். முழங்கால் வரைக்கும் சேறு. பக்கத்தில் கடை இன்னும் திறக்கவில்லை, இரண்டு பேர் ஷட்டர் முன் காத்திருந்தார்கள்.

"வாப்பா," என்றார். "வந்துட்டான்."

மெஷினை நிறுத்தினேன். தலைவரைப் பாதி முகத்தோடு விட்டுவிட்டு வெறுங்காலோடு வெளியே வந்தேன். வழக்கமாக அவர் பைக்கில் போகும்போது நான் பின்கம்பியைப் பிடித்துக்கொள்வேன். அன்றைக்கு அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன்.